டிராக்டரின் முன்விளக்கு: சிறு பழுதும் பெருஞ்செலவும்

மாலையில் விளக்கேற்றிய பின்னர் முசிறியிலிருந்து தொட்டியம் நோக்கியோ திருச்சி நோக்கியோ நெடுஞ்சாலையில் சென்று வருகின்றவர்கள் ஒரு காட்சியை அடிக்கடி கண்டிருப்பார்கள். எதிரே தொலைவில் ஒற்றை வெளிச்சம் தெரிகின்றது. மோட்டார் சைக்கிள் வருகின்றது என்று எண்ணி, அதற்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டு நாம் மேலே செல்கின்றோம். அருகில் வந்த பின்னரே, அது டிரெய்லர் நிறையக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர் என்பதும், அதன் ஒரு கண் அவிந்து போயிருக்கின்றது என்பதும் புலனாகின்றன. அப்போது ஒதுங்குவதற்கு இடமும் இருப்பதில்லை, நேரமும் இருப்பதில்லை.

எந்தக் கண் அவிந்திருக்கின்றது என்பதும் முக்கியமே. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. டிராக்டரின் வலப்பக்க விளக்கு எரியாவிட்டால், எதிரே வருகின்றவர் சாலையின் ஓரத்தில் ஒரு சிறு வண்டி வருவதாகவே கொள்வார். இருட்டில் மறைந்திருக்கும் டிராக்டரின் உடலும் டிரெய்லரின் பலகையும் அவருடைய பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்க விளக்கு எரியாவிட்டாலோ, சாலையோரத்தில் சைக்கிளைத் தள்ளிச் செல்கின்றவரும் நடந்து செல்கின்றவரும் ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை. தா.பேட்டைப் பக்கத்தில் நெய்த துணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்திப்பொழுதில் திரும்பும் நெசவாளத் தோழர்கள் பலர். ஆகவே இக்கட்டுரை டிராக்டர் உடையவர்களுக்கு மட்டும் எழுதப்படுவது அன்று.

இனிச் செலவைப் பற்றிக் கூறவேண்டும். பல்பு ஒன்றின் விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் இன்றைய டிராக்டர்களில் விளக்கு முழுவதையும் மாற்ற நேர்ந்தால், மாடலைப் பொறுத்து அது ஆயிரக்கணக்கில் வந்து நிற்கின்றது. ஓர் ஏக்கர் உழுது பெறும் வாடகையைக் கொண்டு அதை ஈடு செய்துவிட இயலாது. நாம் கண்ட வரையில், முழு விளக்காக மாற்றப்பட்டவற்றுள் பல, மாற்றத் தேவையில்லாதவையே. பின்புறத்தில் ஒரு வயரோ, ஒரு நட்டோ, ஒரு ரப்பர் மூடியோ கவனிக்கப்படாமற் போனதன் பயனாகவே முன்புறத்தில் பெருஞ்செலவு நேர்ந்திருக்கின்றது.

அரிக்கேன் விளக்கிலிருந்து பிளாஸ்டிக் விளக்கு வரை

மாட்டு வண்டிக் காலத்தில் வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஒன்று தொங்கும். பொழுது சாய்வதற்கு முன் அதன் சிம்னியைக் கழற்றிச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு துடைப்பது வீட்டில் யாரேனும் ஒருவரின் நாள் வேலையாக இருந்தது. கரி படிந்த சிம்னியோடு வண்டி கட்டினால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அந்த விளக்கின் ஒளி சொற்பமே. எனினும் அதற்குக் கிடைத்த கவனிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இன்றைய டிராக்டர் விளக்குக்குக் கிடைப்பதில்லை.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959ஆம் ஆண்டில் பரிதாபாத்தில் ஐஷர் தொழிற்சாலையில் தொடங்கியது. சென்னையில் டாஃபே நிறுவனம் 1960இல் தோன்றியது. அக்காலத்து டிராக்டர்களிலும், அவற்றைப் பின்பற்றி வந்த பல மாடல்களிலும் முன்விளக்கு வட்டமான கண்ணாடி விளக்காகவே இருந்தது. கண்ணாடி, உட்புறத்துப் பிரதிபலிப்பான், இழை மூன்றையும் ஒன்றாக அடைத்து மூடிய விளக்குகளும் உண்டு. அவற்றில் இழை அறுந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். பின்னர் பல்பை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய விளக்குகள் பரவின. ஏழு அங்குல வட்ட விளக்கு எந்த ஊர் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். ஒரு கம்பெனியின் விளக்கு மற்றொரு கம்பெனியின் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். பழைய டிராக்டரை இன்னும் ஓட்டுகின்றவர்களுக்கு இஃது ஒரு பாக்கியமே.

புதிய மாடல்களின் நிலை வேறு. விளக்கு பானெட்டின் வளைவுக்கு ஏற்ப வார்க்கப்படுகின்றது. இடப்பக்க விளக்கு வலப்பக்கத்துக்குப் பொருந்தாது. சென்ற ஆண்டு மாடலின் விளக்கு இவ்வாண்டு மாடலுக்குப் பொருந்தாமற் போவதும் உண்டு. முன்புறம் கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வந்துவிட்டது. எளிதில் உடையாது என்பது அதன் நன்மை. எளிதில் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும் என்பவை அதன் குறைகள். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் காது ஒன்று முறிந்தாலும் முழு விளக்கையே விலை கொடுத்து வாங்கும்படி ஆகின்றது. எல்.இ.டி. விளக்கு பொருத்தப்பட்ட சில மாடல்களில் பல்பு என்று தனியாக ஒன்று இல்லாமையால், பழுது நேர்ந்தால் செலவு இன்னும் கூடுதல்.

மங்கல் விளக்கின் காரணம்

நாமே ஒரு முறை ஏமாந்த கதையை இங்கே சொல்லிவிடுகின்றோம். டிராக்டரின் இடப்பக்க விளக்கு மங்கலாக எரிந்தது. பல்பை மாற்றினோம், மங்கல் போகவில்லை. பழுது பார்க்கும் இடத்தில் பிரதிபலிப்பான் கெட்டுவிட்டது என்றார்கள். முழு விளக்கையும் மாற்றினோம். இரண்டு நாள் நன்றாக எரிந்து, மூன்றாம் நாள் பழையபடி மங்கிற்று. கடைசியில் வயர் வேலை தெரிந்த ஓர் இளைஞர் விளக்கின் பின்னால் கையை விட்டு, பாடியில் திருகப்பட்டிருந்த எர்த் வயரின் முனையைக் கழற்றிக் காட்டினார். துருவும் உரத்தூளும் சேர்ந்து அது பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் கொண்டு தேய்த்து, ஒரு வாஷர் வைத்து இறுக்கினார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. புதிய விளக்கை மாட்டும்போது அந்த வயரை ஆட்டியதனால்தான் இரண்டு நாள் நன்றாக எரிந்திருக்கின்றது. கழற்றிப் போட்ட பழைய விளக்கு இன்றும் நல்ல நிலையில் நம்மிடமே இருக்கின்றது.

இதன் காரணத்தைச் சிறிது விளங்கிக்கொள்வது நல்லது. பாட்டரியிலிருந்து பல்புக்குச் செல்லும் மின்சாரம், பல்பிலிருந்து பாட்டரிக்குத் திரும்பி வரவும் வழி வேண்டும். அவ்வழியே எர்த். வாய்க்காலின் தலைமதகு நன்றாக இருந்தும் கடைமடையில் வண்டல் அடைத்துக்கொண்டால் நீர் ஓடாதவாறு போலவே, எர்த்தில் துரு ஏறினால் பல்புக்குரிய வோல்ட் குறைகின்றது. வோல்ட் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் குறையும் என்பதே இதிலுள்ள விசேஷம். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவிகிதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 சதவிகிதம் குறைந்துவிடும். ஓட்டுநர் பல்பின்மீது பழி போடுகின்றார், பல்போ குற்றமற்றது.

இதைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போட்டு, முதலில் பாட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பார்க்கவேண்டும். பின்னர் பல்பின் ஹோல்டரில் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் நடுவில் எங்கோ கசடு இருக்கின்றது என்று பொருள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை விளக்கின் எர்த்திலும் வைத்தால், எர்த்தின் குற்றமா அன்றா என்பது தெரிந்துவிடும், அங்கே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைக் கழற்றித் தேய்க்கவேண்டியதுதான். மீட்டர் இல்லாதவர்கள், நல்ல வயர் ஒன்றை விளக்கின் எர்த்திலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கு நேராகத் தொட்டுப் பார்க்கலாம். உடனே ஒளி கூடினால் குற்றம் இன்னதென்று விளங்கும். நெகட்டிவ் முனையையே தொடவேண்டும் என்பதில் எச்சரிக்கை தேவை. பாசிட்டிவ் முனையைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். தேய்த்து இறுக்கிய பின் இணைப்பின்மேல் சிறிது வாஸலின் தடவி வைத்தால் மறுபடியும் துரு ஏறுவது தாமதப்படும்.

யூரியாவும் பொட்டாஷும் மூட்டை மூட்டையாக ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும், சேற்றில் இறங்கி உழும் வண்டிகளிலும் இந்தத் தொல்லை அதிகம். காவிரிக் கரையில் கோரை வெட்டும் காலத்தில் ஈரக் கோரையின் இடையிலேயே நாட்கணக்கில் நிற்கும் டிராக்டர்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் எர்த் முனைகளைக் கழற்றித் தேய்ப்பவர்களுக்கு விளக்குச் செலவு பாதியாகும் என்பது நம் அனுபவம்.

விளக்கு மங்கலாக இருக்கின்றது என்பதற்காக 100 வாட் பல்பு வாங்கி மாட்டுவது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இதைவிடத் தவறான வைத்தியம் வேறில்லை. 60 வாட் பல்பு இரண்டு எரியும்போது வயரில் ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓடுகின்றது. 100 வாட் பல்பு இரண்டு எரியும்போது அது 17 ஆம்பியரை நெருங்குகின்றது. சுவிட்சும் வயரும் அவ்வளவுக்கு அமைக்கப்பட்டவை அல்ல. முதலில் ஹோல்டர் கருகும். அடுத்து பிளாஸ்டிக் பிரதிபலிப்பான் வெப்பத்தில் நெளியும். பியூஸ் அடிக்கடி போகின்றது என்று அதற்குப் பதிலாகச் செம்புக்கம்பியைச் சுற்றி வைத்தவர்களுக்கு, போனது விளக்கோடு நிற்பதில்லை. வயரில் தீப்பிடித்து வண்டியே போவதற்கும் அதில் இடமுண்டு.

மற்றொரு விஷயம்: ஒளி குறைவாக இருப்பதுபோலத் தோன்றுவதற்கு விளக்கின் நோக்கம் பிசகியிருப்பதும் காரணமாகலாம். ஒரு விளக்கு வானத்தையும் மற்றொன்று மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை வாட் போட்டும் பயனில்லை. சமமான களத்தில் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி டிராக்டரை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் சுண்ணாம்பால் குறித்துக்கொள்ளவேண்டும். டிம் போட்டால் ஒளியின் மேல்விளிம்பு அக்குறிக்குச் சற்றுக் கீழே விழவேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே வருகின்றவரின் கண்ணைக் குருடாக்குகின்றோம் என்று பொருள். உழவுக்காகப் பின்புறம் வைத்திருக்கும் விளக்கைச் சாலையில் அணைக்காமற் செல்கின்ற அன்பர்களும் இதைக் கருதவேண்டும். பின்னால் வருகின்றவர் அந்த வெள்ளை ஒளியைக் கண்டு வண்டி எதிரே வருகின்றது என்று மயங்குவார்.

பல்பு அடிக்கடி போவதேன்?

பல்பு இரண்டு மாதத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தால் அது பல்பின் குறையன்று. மங்கலுக்கு வோல்ட் குறைவு காரணமாவது போலவே, இதற்கு வோல்ட் மிகுதி காரணமாகலாம். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பாட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் செய்யும் ரெகுலேட்டர் கெட்டிருக்கின்றது என்று கொள்ளலாம். 5 சதவிகித வோல்ட் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இந்நிலையில் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டு ஊற்றுவதேயாகும். பாட்டரியின் கிளிப் தளர்ந்திருந்தாலும் இத்தகைய கேடு உண்டு. ஓடுகின்ற எஞ்சினில் பாட்டரி இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால், ஆல்டர்னேட்டரிலிருந்து வோல்ட் திடீரென்று பாய்ந்து, எரிந்துகொண்டிருக்கும் பல்புகளை ஒரே அடியில் கொன்றுவிடும். இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் போயின என்று யாரேனும் கூறினால், நாம் முதலில் பார்ப்பது பாட்டரி கிளிப்பைத்தான்.

அதிர்ச்சி மற்றொரு பகை. ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், கேஜ் வீல் மாட்டிக்கொண்டு வரப்பு ஏறி இறங்கும்போதும், அந்தச் சக்கரத்தோடு சிறிது தூரமேனும் கெட்டித் தரையில் செல்லும்போதும் வண்டி முழுவதும் நடுங்குகின்றது. விளக்கைத் தாங்கும் சட்டத்தின் நட்டு தளர்ந்திருந்தால் அந்த நடுக்கம் விளக்கில் இரட்டிப்பாகின்றது. இழை அறுகின்றது, பிளாஸ்டிக் காது முறிகின்றது. விளக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பெனி வைத்திருக்கும் ரப்பர் வாஷர் ஒரு முறை கழற்றி மாட்டும்போது தொலைந்துபோனால், அதைப் பற்றிப் பிறகு யாரும் நினைப்பதில்லை. பழைய டயர் டியூபிலிருந்து வாஷர் வெட்டி வைத்தாலும் பயன் உண்டு. எண்ணெய் பார்க்கும் அன்று விளக்கின் நட்டுகளையும் ஒரு திருகு திருகிப் பார்ப்பது நல்ல பழக்கம். தறியில் உட்காருமுன் நாடாவையும் விழுதையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கும் நெசவாளருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஹாலஜன் பல்பை மாற்றும்போது அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது என்று சொல்வதைக் கேட்டுப் பலர் நகைக்கின்றார்கள். அதில் உண்மை இருக்கின்றது. அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியன்று; மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் குவார்ட்ஸ் வகை. விரலில் உள்ள எண்ணெயும் வேர்வை உப்பும் அதில் பட்டால், எரியும் வெப்பத்தில் அவ்விடம் வெளுத்துப் பலவீனமாகிப் பல்பு வெடிக்கக்கூடும். அடிப்பாகத்தின் உலோகத்தையே பிடித்து மாட்டவேண்டும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பின்னரே விளக்கைப் போடுவதும், அணைக்கும்போது விளக்கை முதலில் அணைப்பதும் பல்புக்கும் பாட்டரிக்கும் நன்மையே.

வெளிப்புறக் காவல்

இனி வெளிப்புறத்தை நோக்குவோம். உழவு முடிந்து வந்த டிராக்டரைத் தண்ணீர் சர்வீஸுக்கு விடும்போது, குழாயிலிருந்து பீறிடும் நீரை நேராக விளக்கின் விளிம்பில் பாய்ச்சுவது ஒரு வழக்கம். சேறு உடனே போய்விடுகின்றது. நீரும் விளக்குக்குள் போய்விடுகின்றது. விளக்கு சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் பழைய கண்ணாடி விளக்கு விரிசல் விடும். அரை மணி நேரம் ஆறவிட்டு, வாளி நீரை மெதுவாக ஊற்றிச் சேற்றை ஊறவைத்து, பிறகு ஈரத்துணியால் வழிக்கவேண்டும். உலர்ந்த மண்மீது உலர்ந்த துணியைப் போட்டுத் தேய்ப்பது, பிளாஸ்டிக் விளக்கின்மீது மணல் தாளைத் தேய்ப்பதற்குச் சமம். டீசலோ பெட்ரோலோ தின்னரோ நனைத்த துணியைக் கொண்டு பளபளப்பாக்க முற்படுவதும் கேடு விளைவிப்பதே. பாலிகார்பனேட்டில் அவை மயிரிழை போன்ற விரிசல்களை உண்டாக்கும். சோப்பு நீரே போதும்.

விளக்கின் பின்புறம் பல்பை மூடியிருக்கும் ரப்பர் மூடி மிகச் சிறிய பொருள். ஆயினும் உள்ளே தூசியும் ஈரமும் புகாமற் காப்பது அதுவே. அது கிழிந்தோ கழன்றோ இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். பிரதிபலிப்பானின் மேற்பூச்சு கருத்துவிடும். அப்பூச்சு கண்ணாடியைப் போலத் தோன்றினாலும் அலுமினிய ஆவி படிந்த மெல்லிய படலமே. அதைத் துணி கொண்டு துடைத்தால் ஒளியோடு பூச்சும் துணியோடு வந்துவிடும். ஆகவே உட்புறத்தைத் தொடாமல், ஈரம் கண்டால் பல்பைக் கழற்றி நிழலில் காற்றாட வைப்பதே முறை. சில விளக்குகளின் அடியில் ஈரம் வெளியேற ஒரு சிறு துவாரம் இருக்கும். நீர் புகுகின்றது என்று அதை எம்-சீல் கொண்டு அடைத்துவிடக் கூடாது.

வெயிலில் மஞ்சளாவதைத் தடுக்க நிழலில் நிறுத்துவதே சிறந்தது. கொட்டகை இல்லாதவர்கள் எஞ்சின் ஆறிய பின் பழைய கோரைப்பாயைப் பாதியாக மடித்து முன்புறத்தில் தொங்கவிடலாம். பாய் நெய்யும் ஊரில் பழம்பாய்க்குப் பஞ்சமில்லை. இந்த ஏற்பாட்டுக்குச் செலவும் இல்லை. முன்பே மஞ்சளாகிவிட்ட விளக்கை மெல்லிய உப்புத்தாளாலும் பாலிஷாலும் தேய்த்துத் தெளிவாக்கித் தருகின்றார்கள். அதனால் வெளிச்சம் திரும்புவது உண்மையே. ஆனால் வெயிலைத் தடுக்கும் மேற்பூச்சும் அத்துடன் தேய்ந்துபோகும் ஆதலின், புதிய பூச்சுப் பூசாவிட்டால் சில மாதங்களில் முன்னிலும் விரைவாக மஞ்சளாகும். தேய்ப்பவரிடம் இதைக் கேட்டுக்கொண்டு காசு கொடுக்கவேண்டும்.

மோதி உடைவன பெரும்பாலும் நான்கு இடங்களில் நேர்கின்றன என்று நம் அன்பர்கள் கூறுகின்றார்கள்: சீமைக்கருவேல் மூடிய வண்டிப்பாதை, கரும்புத் தோட்டத்து வளைவு, குறுகிய கொட்டகை வாயில், மூங்கிலோ கம்போ நீட்டிக்கொண்டு முன்னால் செல்லும் மற்றொரு டிரெய்லரின் பின்புறம். நான்காவதே மிகுந்த நஷ்டம் தருவது. ஆலை வாயிலில் வரிசையில் நிற்கும்போது நகர்ந்து நகர்ந்து முன் வண்டியை ஒட்டிக்கொள்ளாமல், ஓர் ஆள் படுக்கும் நீளமேனும் விட்டு நிற்கவேண்டும். கயிறு கட்டி இழுக்கும்போது கயிறு அறுந்து முன்புறத்தை அடிப்பதும் உண்டு. அந்நேரத்தில் ஒரு சாக்கை மடித்து விளக்கின்மேல் கட்டிவிட்டால் போதுமானது.

இரும்புக் கம்பியால் விளக்குக் காப்பு செய்து மாட்டுகின்றவர்கள் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்ளவேண்டும். காப்பைப் பானெட்டின் தகட்டில் மாட்டாமல் முன்புற பம்பரிலோ சேஸிஸிலோ மாட்டவேண்டும். தகட்டில் மாட்டினால் கிளை இடிக்கும்போது விளக்கு தப்பி, பானெட் நசுங்கும். அதன் விலை இன்னும் அதிகம். இரண்டாவது, கம்பிகள் மெல்லியனவாகவும் இடைவெளி உள்ளனவாகவும் இருக்கவேண்டும். நெருக்கமான வலையில் சேறு படிந்தால் விளக்கு இருந்தும் இல்லாததே. காப்பு திறந்து மூடும்படி அமைந்தால்தான் விளக்கைத் துடைக்கும் எண்ணம் உண்டாகும்.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை. வைக்கோற் போரின் அருகில் வாரக்கணக்கில் நிற்கும் டிராக்டரின் வயர்களை எலி கொறித்துவிடுகின்றது. போரிலிருந்து தள்ளி நிறுத்துவதும், பல நாள் ஓட்டாதிருந்தால் ஓட்டுமுன் பானெட்டைத் திறந்து பார்ப்பதும் நலம்.

மாற்றவே நேர்ந்தால்

இத்தனைக்குப் பின்னும் விளக்கு உடைவது உண்டு. அப்போது கடையில் "ஹெட்லைட் வேண்டும்" என்று கேட்டால் முழு விளக்கையே எடுத்துத் தருவார்கள். பல்பா, ஹோல்டரா, ரப்பர் மூடியா, வட்ட விளக்காயின் கண்ணாடியா என்று பகுதியைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். பழைய பொருளைக் கையோடு கொண்டு செல்வது நல்லது. அதில் பொறித்திருக்கும் எண்ணையும் வாட்டையும் ஒத்துப் பார்க்கலாம். பழுது பார்க்க விட்டால், கழற்றிய பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும். நாம் முன்னே கூறிய பழைய விளக்கு இவ்வாறு கேட்டு வாங்கியதனால்தான் நம்மிடம் தங்கியது.

இன்ஷூரன்ஸ் இருக்கின்றதே என்று சிலர் கவலையற்றிருக்கின்றார்கள். டிராக்டர் போன்ற வண்டிகளின் பாலிசியில், சொந்தச் சேதத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர் முதலியவை பொதுவாக விலக்கி வைக்கப்பட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி "ஐ.எம்.டி. 23" என்னும் விதியைச் சேர்த்துக்கொண்டவர்களுக்கே அவற்றின் சேதம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும், அப்போதும் பிளாஸ்டிக் பொருளுக்குத் தேய்மானம் கழித்து, மிச்சத்திலும் ஒரு பங்கை உடையவரே ஏற்கவேண்டும். அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த எண் அச்சாகியிருக்கின்றதா என்று பார்த்து, இல்லையென்றால் ஏஜெண்டிடம் கேட்டுக்கொள்ளவேண்டும். ஒற்றை விளக்கு உடைந்ததற்காக இழப்பீடு கேட்டால், அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் கிடைக்கவேண்டிய தள்ளுபடி போய்விடும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும்.

ஒரு மல்டிமீட்டரின் விலை ஒரு பல்பின் விலையை ஒட்டியதே. ஊருக்கு ஒன்றாகச் சங்கத்தில் வாங்கி வைத்து, வேண்டியவர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று மறுநாள் திருப்பித் தரலாம். நம் பக்கத்தில் ஓடும் டிராக்டர்களின் மாடல்கள் சிலவே ஆதலின், அவற்றுக்குரிய பல்புகளையும் பியூஸ்களையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலிச் சரக்கும் தலைகாட்டாது. இரவில் வழியில் விளக்கு அவிந்தால் என்ன செய்வது என்று கேட்கின்றவர்களுக்கு: கருவிப்பெட்டியில் மாற்றுப் பல்பு ஒன்று, பியூஸ் இரண்டு, ஒரு முழ நீள வயர், உப்புத்தாள் துண்டு, கைவிளக்கு ஆகியவை இருந்தால் கால் மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம். அவை இல்லையென்றால் சாலையை விட்டு நன்றாக இறக்கி, பின்புறத்துச் சிவப்புப் பிரதிபலிப்பான்களின் சேற்றைத் துடைத்துவிட்டு, விடியும் வரை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கரும்பு ஓர் இரவு தாமதமாக ஆலைக்குப் போகட்டும்.